நடுச்சுவரை இடிக்கலாமா: ஆர்க்கிடெக்ட் சரி என்கிறார், மேஸ்திரி கூடாது என்கிறார்

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை ஆர்க்கிடெக்ட் வரைபடத்தில் எடுத்துவிட்டார், மேஸ்திரி தொடவே கூடாது என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் சொல்லும் போதாது. கட்டடம் பாரம் தாங்குமா என்று கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்து, கையெழுத்துப் போட்ட வரைபடம் தரும்வரை ஒரு செங்கல்லையும் எடுக்க விடாதீர்கள். அவருடைய கட்டணம் ஆர்க்கிடெக்ட் ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்; பெரும்பாலும் தனியாகத்தான் இருக்கும்.

அதற்குள் கதவு நிலை ஓரத்தில் டேப் வைத்துச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். பூச்சோடு 9, 10 அங்குலம் வந்தால் பாரம் தாங்கும் சுவராக இருக்க வாய்ப்பு அதிகம். நாலரை அங்குலம்தான் என்றாலும் நிம்மதி வேண்டாம். மாடியில் அதே கோட்டில் சுவர் நிற்கிறதா, அதன் கீழே பீம் (பாரம் தாங்கும் உத்திரம்) தெரிகிறதா என்று பாருங்கள்.

சுவருக்குப் பதிலாக இன்ஜினியர் இரும்பு பீம் கொடுத்தால், இடிக்கும் முன்பே ஸ்லாபுக்கு, அதாவது மேலே உள்ள கான்கிரீட் தளத்துக்கு, தற்காலிக முட்டு நிற்க வேண்டும். முட்டின் அடி வெறும் டைல்ஸ் மேல் நிற்கக் கூடாது; பாரம் எதில் இறங்கும் என்பதையும் அவரே குறித்துத் தரட்டும். பலரும் கோட்டைவிடுவது பீமுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே விடும் விரலளவு இடைவெளியில். அதைச் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) வைத்து இறுக்கி அடைத்து, அது இறுகிய பிறகே முட்டைப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்லாப் அந்த இடைவெளி அளவுக்கு இறங்கும். மாடிச் சுவரில் சாய்வாக விரிசல் விழும், கதவுகள் சிக்கும்.

இடிக்கும் பகுதிக்குத் தனி வரைபடம் கேளுங்கள். அந்தச் சுவருக்குள் ஓடும் ஒயரும் குழாயும் அதில் குறித்திருக்க வேண்டும்.