கேள்வி-பதில்: வலைப்பதிவு முகவரிக்குக் காசு கொடுப்பதற்கு முன்

வலைப்பதிவு முகவரிகள் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிக் கடிதங்களில் பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. மற்றவர்களாவது படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பிளாக்கரில் சமையல் குறிப்பு எழுதுகிறேன். பதிவு முகவரியில் வருடமும் மாதமும் வருகின்றன. அவற்றை எடுத்துத் தர ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கொடுக்காதீர்கள். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் அந்த வருடம், மாதம், கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'எச்டிஎம்எல்' என்ற சொல், மூன்றையும் யாராலும் எடுக்க முடியாது. அவர் போட்டுத் தரப்போவது, முகவரிப் பட்டையில் மட்டும் அவற்றை மறைத்துக் காட்டும் ஒரு சின்ன நிரல் (ஜாவாஸ்கிரிப்ட்) துண்டு. பதிவு பழைய முகவரியில்தான் இருக்கும். சுருக்கிய முகவரியை நகலெடுத்து உங்கள் அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பினால், திறப்பவருக்குப் பக்கம் கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: என் பதிவுகள் எல்லாவற்றுக்கும் 'பிளாக்-போஸ்ட்_14' என்பது போலவே முகவரி வருகிறது. வைரஸா? (மதுரை)

பதில்: வைரஸ் இல்லை. தமிழ்த் தலைப்பிலிருந்து முகவரி உருவாக்க பிளாக்கருக்குத் தெரியாது. வெளியிடும் முன் ஓரத்தில் 'பெர்மாலிங்க்' (பதிவின் நிரந்தர முகவரி) என்ற இடத்தைத் திறந்து, 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் அடியுங்கள். 2012 முதல் இந்த வசதி இருக்கிறது, இலவசம். வெளியிட்ட பதிவுக்கு மாற்ற வேண்டுமென்றால் அதை டிராஃப்டுக்கு, அதாவது வெளியிடாத வரைவு நிலைக்குத் திருப்பி, மாற்றி, மறுபடி வெளியிட வேண்டும். அப்போது பழைய முகவரி செத்துவிடும். அமைப்புகளில் 'ரீடைரக்ட்' பகுதிக்குப் போய்ப் பழையதைத் தட்டினால் புதியது திறக்கும்படி ஒரு வழி போட்டுவிடுங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் டாட் காம், வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் இரண்டும் ஒன்றுதானே? (கோவை)

பதில்: இல்லை. வேர்ட்பிரஸ் என்பது வலைப்பதிவு நடத்த உதவும் மென்பொருள். முதலாவதில் அவர்களுடைய சர்வரில், அதாவது பக்கங்களை வைத்திருக்கும் கணினியில் எழுதுகிறீர்கள். இலவசக் கணக்கில் முகவரியின் கடைசிப் பகுதியை மாற்றலாம், முன்னால் வரும் தேதியை எடுக்க முடியாது. இரண்டாவதில் அந்த மென்பொருள் மட்டும் இலவசமாகக் கிடைக்கும். சர்வரில் இடமும் (ஹோஸ்டிங்) தளத்தின் பெயரும் (டொமைன்) நீங்கள் வாங்க வேண்டும், முகவரியின் முழு அமைப்பும் உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ். தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் வெட்டுப்படுகிறது. பெரிய பிளான் எடுத்தால் சரியாகும் என்கிறார் ஹோஸ்டிங் விற்றவர். (சேலம்)

பதில்: சரியாகாது. நீங்கள் எந்த பிளானில் இருந்தாலும் வேர்ட்பிரஸ் முகவரியில் பதிவின் பெயர் வரும் பகுதிக்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. தமிழில் ஒவ்வொரு குறியும் முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக 9 இடத்தை எடுத்துக்கொள்கிறது. புள்ளிக்குத் தனியாக 9, கொம்புக்குத் தனியாக 9. ஆக மொத்தம் 22 குறிகளுக்கு மேல் கொள்ளாது. 'எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு' என்று தலைப்பு வைத்தால் 'கத்தரிக்காய்க்' என்பதன் கடைசிப் புள்ளியிலேயே இடம் தீர்ந்துபோகும், குழம்பு முகவரிக்கு வரவே வராது. 'கத்தரிக்காய்-குழம்பு' என்று நீங்களே சுருக்கி எழுதுங்கள். அந்தப் பெரிய பிளானுக்கான பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: ஓராண்டில் 4 முறை பெர்மாலிங்க் அமைப்பை மாற்றினேன். வாசகர் வரத்து விழுந்துவிட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் மீது புகார் கொடுக்கலாமா? (சென்னை)

பதில்: எதற்காக? அமைப்பை மாற்றியது நீங்கள். ஒரு பதிவின் பெயரை மட்டும் மாற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்துக்கொண்டு வாசகரைச் சரியான இடத்துக்கு அனுப்பும். ஒட்டுமொத்த அமைப்பையே மாற்றினால் அந்த உத்தரவாதம் இல்லை. பெர்மாலிங்க் பக்கத்தில் 'போஸ்ட் நேம்' (பதிவின் பெயர்) என்பதைத் தேர்ந்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடுங்கள். கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் பக்கத்தில் 404 (பக்கம் இல்லை) என்று காட்டும் முகவரிகளுக்கு ஒவ்வொன்றாக ரீடைரக்ட் போடுங்கள். இலவச பிளகின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) போதும். உழைப்பு மட்டும் உங்களுடையது.

கேள்வி: ஐந்து ஆண்டாகப் பிளாக்கரில், சொந்த டொமைனில் எழுதுகிறேன். வேர்ட்பிரஸுக்கு மாற்றித் தர 7,000 ரூபாய் என்கிறார்கள். நியாயமான விலையா? (ஈரோடு)

பதில்: விலை இருக்கட்டும். அந்த 7,000-த்தில் பழைய முகவரிகளும் அடக்கமா என்று கேட்டீர்களா? யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. 2016-இல் இதே வேலைக்கு 6,000 ரூபாய் கொடுத்தேன். பதிவுகள் வந்தன, படங்கள் வந்தன, பின்னூட்டங்கள்கூட வந்தன. முகவரிகள் மட்டும் மொத்தமாக மாறியிருந்தன. மருத்துவக் காப்பீட்டில் கோரிக்கை மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்று நான் எழுதிய பதிவின் முகவரியை ஒரு நுகர்வோர் குழு துண்டறிக்கையில் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுத்திருந்தது. மருத்துவமனை வாசலில் நின்று அதைத் தட்டியவர்களுக்கு வெற்றுப் பக்கம்தான் கிடைத்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. செய்து தந்தவரிடம் கேட்டபோது, "அது தனி வேலை சார்" என்றார்.

அது தனி வேலை இல்லை. வீடு மாற்றித் தருகிறவர் சாமானில் பாதியைப் பழைய தெருவில் இறக்கிவிட்டு வந்தால் ஒப்புக்கொள்வோமா? உங்களுக்குச் சொந்த டொமைன் இருப்பதால் பழைய முகவரிகளை அப்படியே காப்பாற்றலாம். வேர்ட்பிரஸின் பெர்மாலிங்க் பக்கத்தில் வருடம், மாதம், பதிவின் பெயர், கடைசியில் எச்டிஎம்எல் என்று வரிசைப்படுத்தினால் பிளாக்கரின் அதே வடிவம் கிடைக்கும். இறக்குமதியின்போது வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து புதுப் பெயர் செய்துகொள்ளும். அவற்றைப் பழைய பெயருக்குத் திருப்ப வேண்டும். 'பழைய முகவரிகள் அனைத்தும் திறக்கும்' என்ற வரியை விலைப்புள்ளியில் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை நிறுத்திவைத்து, 20 பழைய இணைப்புகளைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பிளாக்கர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியிலேயே எழுதுகிறவர்களுக்கு இந்த வழி இல்லை, ஏனென்றால் அந்த டொமைன் கூகுளுடையது. அதுவும் சாசுவதம் என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகள் இந்தியாவில் எந்த வலைப்பதிவைத் திறந்தாலும் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்றுதான் காட்டியது. 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டே போய்விட்டது. அதை நகலெடுத்து ஒட்டிய இணைப்புகள் எல்லாம் அதோடு போயின.

கேள்வி: முதல் ஆண்டு 99 ரூபாய் என்ற டொமைனுக்குக் கடைசியில் 700 ரூபாய் போய்விட்டது. (திருச்சி)

பதில்: பில்லைப் பாருங்கள். நீங்கள் கேட்காத மின்னஞ்சல், பாதுகாப்பு என்று ஏதாவது தானாகச் சேர்ந்திருக்கும். கேட்காத பொருளைக் கூடையில் திணிப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று இன்றே பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். தளம் அமைத்துத் தந்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருக்கிறார். 9 ஆண்டாக எழுதியிருக்கிறேன். இப்போது புதுப்பிக்க 25,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் விட்டுவிடுவாராம். (கும்பகோணம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மனம் ஆறவில்லை. தவறு உங்களுடையது இல்லை. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

முதல் வேலை, இன்று இரவே செய்யுங்கள்: வேர்ட்பிரஸ் என்றால் 'டூல்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' அழுத்தி எல்லாப் பதிவுகளையும் இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். படங்களைத் தனியாக எடுக்க வேண்டும், அந்தக் கோப்பில் படங்கள் வராது. பேரனையோ பழைய மாணவரையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்து, டொமைன் எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதை டொமைன் விவரம் காட்டும் 'ஹூ இஸ்' தேடலில் பாருங்கள். பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு வரிகள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து, டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதன் நகலை டொமைன் பதிவு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

அசையவில்லை என்றால் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதுதான் என்பதால் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 25,000 கேட்ட செய்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் அழித்துவிடாதீர்கள். கடிதத்தின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன், ரசீதுகளின் படத்தை அனுப்புங்கள்.