சர்வரில் இருக்கும் எச்பிஏ கார்டில் என்னென்ன பாகங்கள் உள்ளன? சாதாரண நெட்வொர்க் கார்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

வாலாஜா பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சர்வர் மூடியைத் திறந்தவர், இந்தக் கார்டைக் காட்டி "இதைத் தொடாதே" என்று மட்டும் சொன்னாராம். நான் காட்பாடிக்காரன். இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் பல வருடமாக சர்வர் அறைகளில் வேலை பார்க்கிறேன். தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

எச்பிஏ என்பது ஹோஸ்ட் பஸ் அடாப்டர். சர்வரையும் தனியாக நிற்கும் ஸ்டோரேஜ் பெட்டியையும், ஸ்டோரேஜுக்கென்றே உள்ள ஃபைபர் சேனல் என்ற நெட்வொர்க் வழியாக இணைப்பது இதன் வேலை.

கார்டின் பின்பக்கத் தகட்டில் ஒன்றோ இரண்டோ உலோகக் கூடுகள் தெரியும். அதற்குள் செருகியிருக்கும் விரல் அளவுத் துண்டுதான் எஸ்எஃப்பி மாட்யூல். பெரும்பாலான கார்டுகளில் இதைக் கழற்றி மாட்டலாம். மின்சாரத் துடிப்பை ஒளியாகவும், வருகிற ஒளியை மறுபடி மின்சாரமாகவும் மாற்றுவது இதுதான். உள்ளே ஒரு லேசர், ஒரு ஒளி உணர்வி, ஒரு குட்டி நினைவகச் சில்லு. கட்டடத்துக்குள் ஓடும் மல்டிமோடு கேபிளுக்கு 850 நானோமீட்டர் லேசர். அது கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று துளைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். நீலப்பச்சை நிறக் கேபிள் ஓஎம்3 வகை என்றால், 8 ஜி எனப்படும் ஃபைபர் சேனல் வேகத்தில் 150 மீட்டர் வரையும் 16 ஜியில் 100 மீட்டர் வரையும் போகும்.

கார்டின் நடுவே, சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் ஒட்டியிருக்கும். அதன் அடியில் இருப்பதுதான் முக்கியமான சில்லு. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. சாதாரண நெட்வொர்க் கார்டில், தரவைத் துண்டாக்கி அனுப்பிச் சேர்க்கும் டிசிபி வேலையில் பெரும்பகுதியை சர்வரின் சிபியுவும் இயங்குதளமும் செய்கின்றன. எச்பிஏவில் ஃபைபர் சேனல் வேலை முழுவதையும் இந்தச் சில்லே பார்த்துக்கொள்ளும். தரவு ஃபிரேம் என்ற சிறு பொட்டலங்களாகத்தான் போகும். ஒரு ஃபிரேமில் அதிகபட்சம் 2112 பைட் தரவுதான் ஏற்ற முடியும். 64 கிலோபைட் எழுதச் சொன்னால் குறைந்தது 32 ஃபிரேம் ஆகிவிடும். அவற்றை வெட்டுவது, எண்ணிடுவது, பிழை சோதிப்பது, வரும் தரவைச் சேர்த்து நேரே சர்வரின் மெமரியில் கொண்டுபோய் வைப்பது எல்லாம் சில்லின் பொறுப்பு. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சிபியுவை எழுப்பாது. மொத்த வேலையும் முடிந்த பிறகு "முடிந்தது" என்று சொல்லும். இயங்குதளத்தின் கண்ணுக்கு இது ஒரு டிஸ்க் கண்ட்ரோலர்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எதிர்முனையில் எத்தனை ஃபிரேமுக்கு இடம் காலியாக இருக்கிறது என்று சில்லு கணக்கு வைத்திருக்கும். இதைக் கிரெடிட் என்பார்கள். கணக்கு பூஜ்யமானால் அனுப்புவதை நிறுத்திவிடும். இடமில்லாத இடத்தில் கொட்டி இழக்கிற பழக்கம் ஃபைபர் சேனலில் இல்லை.

பக்கத்தில் சின்னதாகப் பளபளப்பது ஆசிலேட்டர். துடிப்பின் வேகத்துக்கு ஆதாரம் அதுதான். 8 ஜி என்று சொல்வது உண்மையில் நொடிக்கு 850 கோடி துடிப்பு. ஆனால் 16 ஜிக்கு இதன் இரட்டிப்பு இல்லை, 1402.5 கோடிதான். காரணம், 8 ஜி வரை 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்பினார்கள். 16 ஜியில் 64 பிட் 66 பிட்டாக மாறுகிறது. வீணாவது மிகவும் குறைந்துவிட்டது.

அப்புறம் ஃபிளாஷ் மெமரி. கார்டை இயக்கும் நிரலான ஃபர்ம்வேர் அதில்தான் இருக்கும். சர்வருக்குள் டிஸ்க்கே இல்லாமல் ஸ்டோரேஜிலிருந்து பூட் ஆவதற்கான நிரலும் அங்கேதான். டபிள்யூடபிள்யூஎன் என்ற 64 பிட் அடையாள எண்ணும் கார்டிலேயே பதிந்திருக்கும். ஸ்டிக்கரில் 16 இலக்கமாக அச்சிட்டிருப்பார்கள். ஸ்விட்ச்சில் யார் யாரோடு பேசலாம் என்று பிரிக்கும் ஜோனிங்கும், ஸ்டோரேஜில் அனுமதியும் பொதுவாக இந்த எண்ணை வைத்தே கொடுப்பார்கள். கார்டை மாற்றினால் எண்ணும் மாறும். புது கார்டைப் போட்டுவிட்டு, "டிஸ்க் எதுவுமே தெரியலையே" என்று நடுராத்திரியில் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாட்டில் செருகும் முன்பே ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிடுங்கள்.

கீழ் ஓரத்தில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் தங்கப் பற்கள். பெரும்பாலும் எட்டு லேன், அதாவது தரவு ஓடும் எட்டுத் தடங்கள். ஸ்லாட் எட்டு லேன் நீளம் இருந்தும் உள்ளே நான்கு லேனுக்கு மட்டும் இணைப்பு கொடுத்த மதர்போர்டுகள் உண்டு. இரண்டாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்கு லேன் என்றால் நொடிக்கு 2000 மெகாபைட். 16 ஜி போர்ட் இரண்டும் சேர்ந்து கேட்பதோ 3200.

அந்தப் பற்களை ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள். ரேம் தெரியவில்லை என்றால் அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் வழக்கம். தங்கப் பூச்சு மிக மெல்லியது. அடியில் நிக்கல், அதற்கடியில் செம்பு. உங்கள் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் அதிகம். அங்கே சல்பைடு புழங்குகிறது, அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். தங்கத்தை ஒன்றும் செய்யாது. காப்பாக இருப்பதை நாமே சுரண்டக் கூடாது.

இந்தப் பாகங்களைத் தெரிந்துவைப்பது எதற்கு உதவும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஒரு அலுவலகத்தில் சர்வர் அடிக்கடி திணறியது. எச்பிஏவின் இரண்டு போர்ட்டில் ஒன்றில் மட்டும் சிஆர்சி பிழை, அதாவது தரவு கெட்டு வந்த கணக்கு, ஏறிக்கொண்டே போனது. நான் புது கார்டுக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். என் சீனியர் கேட்டார்: "இன்னாப்பா, கார்டு போச்சுன்றியே, ரெண்டு போர்ட்டுக்கும் சில்லு ஒண்ணுதானே? இன்னொரு போர்ட் நல்லாத்தானே ஓடுது?"

பொதுவான பாகங்களில் சிக்கல் என்றால் இரண்டு போர்ட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு சர்வரை நிறுத்தி, இரண்டு எஸ்எஃப்பியையும் இடம் மாற்றிப் போட்டோம். பிழை மாட்யூலோடு போகவில்லை, பழைய போர்ட்டிலேயே நின்றது. மிஞ்சியது கேபிளும் ஸ்விட்ச் பக்க மாட்யூலும். கேபிள் முனையைக் கழற்றி, அதற்கென்று இருக்கும் கிளீனர் பேனாவால் இரு பக்கமும் துடைத்தோம். பிழை நின்றுவிட்டது. அந்தக் கோடையில் வராந்தாவில் தரை உடைத்து வேலை நடந்தது. ஓஎம்3 இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதி 50 மைக்ரான்தான். சிமெண்ட் தூசி ஒன்று குந்தினாலே பாதி வெளிச்சம்கூடப் போய்விடலாம். ஒளி அளவு 3 டெசிபல் குறைந்தால் பாதி என்று பொருள். அந்த அளவை எஸ்எஃப்பிக்குள் இருக்கும் குட்டிச் சில்லே சொல்லும், தன் வெப்பநிலையையும் சேர்த்து. நான் அதைப் படித்துப் பார்த்திருந்தாலே போதும்.

வெப்பநிலையையும் விட்டுவிடாதீர்கள். வேலூர் கத்திரி வெயிலில் ஏசி ஒன்று நின்றால் அறை எப்படி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரண எஸ்எஃப்பியின் உடல் 70 டிகிரி வரைதான் தாங்கும். எச்பிஏவுக்கென்று தனி ஃபேன் கிடையாது, சர்வரின் காற்றை நம்பித்தான் இருக்கிறது. காலி ஸ்லாட்டின் தகட்டைக் கழற்றித் திறந்து விட்டால் காற்று குறுக்கே போய்விடும்.

கையில் எடுத்துப் பார்க்க ஆசை என்றால், கம்பெனிக் கார்டு வேண்டாம். காட்பாடியில் காலை ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ப் பழைய 4 ஜி கார்டாகத் தேடுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் 16 இலக்கத்தை முதலில் வாசித்துவிட்டு, ஹீட்சிங்கைக் கழற்றிப் பாருங்கள். எந்தச் சில்லு எது என்று புரியாவிட்டால் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.