ஆணி, அடுப்பு, திசைகாட்டி: காந்தம் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆணியில் செம்புக்கம்பி சுற்றி மின்காந்தம் செய்தாள். ஒரு குண்டூசிகூட ஒட்டவில்லை, பேட்டரிதான் சுடுகிறது. எங்கே தவறு?

பதில்: பேட்டரி சுடுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. வயரின் உறையை உரித்துவிட்டு வெறும் கம்பியைச் சுற்றியிருப்பாள். சுற்றுகள் ஒன்றையொன்று தொடுவதால், மின்னோட்டம் ஆணியைச் சுற்றி வராமல் குறுக்கே புகுந்து ஓடிவிடுகிறது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய கம்பி கிடைக்கும். ஒரே திசையில் நூறு சுற்று சுற்றட்டும். இரு நுனிகளிலும் எனாமலைச் சுரண்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரமே பாயாது. (பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.) அப்போதும் பேட்டரி கொஞ்சம் சுடும், சில நொடிகளுக்கு மேல் இணைத்துவைக்க வேண்டாம்.

பிறகு ஆணியை உருவிவிட்டு, வெறும் சுருளின் அருகே திசைகாட்டியை வைக்கச் சொல்லுங்கள். அப்போதும் முள் திரும்பும். காந்தம் பிறப்பது மின்னோட்டத்தில்; இரும்பு அதைப் பல மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. 1820-இல் கோபன்ஹேகனில் இயற்பியலாளர் ஏர்ஸ்டெட் திசைகாட்டி முள் அசைவதைக் கண்டபோது அவரிடம் சுருள்கூட இல்லை, ஒற்றைக் கம்பிதான்.

கேள்வி: இரண்டும் எவர்சில்வர். ஒரு பாத்திரம் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகிறது; இன்னொன்றை வைத்தால் அடுப்பு கீச்சிட்டு அணைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பெயர்தான் ஒன்று. 8 சதவீதம் அளவுக்கு நிக்கல் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. குரோமியம் மட்டும் கலந்ததில் ஒட்டும். நிக்கலே காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்பது வேடிக்கை! அடுப்புக்குள் இருக்கும் தாமிரச் சுருளில் மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் மாறி மாறிப் பாய்கிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்து உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-இல் ஃபாரடே காட்டினாரே, அதுதான் பாத்திரத்தின் அடியில் நடக்கிறது. காந்தம் ஒட்டும் உலோகத்தில் அந்த மின்னோட்டம் மெல்லிய மேற்பரப்புக்குள் நெருக்கியடித்து ஓடுவதால் தடை அதிகம், சூடும் அதிகம். பாத்திரக்கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தை எடுத்துப்போங்கள். அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். மடித்துத் தட்டிய விளிம்பில், ஒட்டாத வகையும் லேசாக ஒட்டி ஏமாற்றும்.

கேள்வி: காந்தத்தை உடைத்தால் வடமுனை மட்டும் தனியாகக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை.

கேள்வி: ஜெர்மனியில் வாங்கிய திசைகாட்டி. நாகர்கோவிலில் முள்ளின் தெற்கு நுனி தாழ்ந்து உரசுகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. ஜெர்மனியில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 65 பாகை சரிவில் மண்ணுக்குள் இறங்குகிறது. வடக்கு நுனி தாழ்ந்துவிடாமலிருக்கத் தெற்குப் பக்கம் சிறிது எடை சேர்த்திருப்பார்கள். நம் தென்கோடியை ஒட்டிக் காந்த நிலநடுக்கோடு போவதால் புலம் இங்கே கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது; அந்த எடைதான் முள்ளைச் சாய்க்கிறது. 1963-இல் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தக் கோடே முக்கியக் காரணம்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தை இரவில் அணைத்துவிடுவார்களா?

பதில்: பெரும்பாலான கருவிகளில் அணைப்பதில்லை. திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் கிடக்கும் மீகடத்திச் சுருள் அது. தடையே இல்லாததால், ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இக்கருவிகளில் பரவலாக உள்ள காந்தப்புல வலிமையான 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தை அளக்கும் அலகு) நம் ஊர்ப் புவிக்காந்தத்தைப் போல 30,000 மடங்குக்கும் மேல். ஆளில்லாத அறைதானே என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு யாரும் உள்ளே போய்விடக் கூடாது.