கேளுங்கள், சொல்கிறேன்: கிளாரினெட்டும் கட்டை விரலும்

கேள்வி: எனக்கு 34 வயது. பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். கல்யாண ஊர்வலம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று நின்றும் நடந்தும் மூன்று, நான்கு மணி நேரம் போகும். ஆறு மாதமாக வலது கட்டை விரலின் அடியிலும் மணிக்கட்டு ஓரத்திலும் வலி. காலையில் பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. மாஸ்டர் 'வாசிக்க வாசிக்கப் பழகிடும்' என்கிறார், வீட்டில் புத்தூர் கட்டு போடச் சொல்கிறார்கள். எது சரி?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டும் வேண்டாம். எலும்பு முறியாத கைக்குக் கட்டு எதற்கு? பழகிடும் என்று எனக்கும் பள்ளி பேண்டில் சொன்னார்கள், நானும் நம்பி ஒரு வருடம் ஊதினேன், பழகியது வலிதான்.

உங்கள் வாத்தியம் ஏறக்குறைய முக்கால் கிலோ இருக்கும். நின்று வாசிக்கும்போது அதில் பெரும்பங்கு, பின்னால் இருக்கும் சின்னக் கொக்கி வழியாக, வலது கட்டை விரலில் வந்து உட்காருகிறது. விரல் நுனியில் விழும் சுமை அடி மூட்டுக்குப் போகும்போது பல மடங்காகிவிடும். போதாததற்கு அதே கையால்தான் வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு வேலூர் வரை போவீர்கள், திரும்பி வந்து படுத்தபடி அதே விரலால் போனைத் தள்ளுவீர்கள். பாவம், அதற்கு லீவே கிடையாது.

முதலில் ஒரு சோதனை. கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டு விரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டை விரல் பக்க மணிக்கட்டில் சுரீர் என்று இழுத்தால், அங்கே தசைநாண் ஓடும் உறை தடித்திருக்கலாம். 1895-ல் இதை விவரித்த சுவிஸ் மருத்துவர் டி குவர்வெய்ன் பெயரில்தான் இன்றும் அழைக்கிறார்கள். இந்தச் சோதனையை வைத்தே முடிவு கட்டிவிடாதீர்கள், அடி மூட்டுத் தேய்மானத்திலும் அந்தப் பக்கம் வலிக்கும்.

சரி, செய்ய வேண்டியது. சுமையை விரலிலிருந்து கழுத்துக்கு மாற்றுங்கள். சாக்ஸபோனுக்குப் போடுவது போலக் கழுத்துப் பட்டை கிளாரினெட்டுக்கும் உண்டு. உங்கள் கொக்கியில் வளையம் இல்லையென்றால் பட்டையை மாட்ட இடமிருக்காது. அதற்குத் தடித்த தோலில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஒரு முனையில் கொக்கி நுழையுமளவு கீறலும் மறு முனையில் ஒரு வளையமும் வைத்துத் தைத்தால் போதும். பேரணாம்பட்டும் ஆம்பூரும் பக்கத்திலேயே இருக்கும்போது தோலுக்கா பஞ்சம்? செருப்புத் தைப்பவரிடம் வாத்தியத்தையே கொண்டுபோய்க் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து பயிற்சி செய்யும்போது வாத்தியத்தின் அடி வாயை முழங்கால்களுக்கு நடுவில் தாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் கொக்கி இருக்கும் இடம். அது நகத்துக்கும் முதல் கணுவுக்கும் நடுவில் படவேண்டும், கட்டை விரல் ஏறக்குறைய ஆள்காட்டி விரலுக்கு எதிரே நிற்கவேண்டும். பல பழைய வாத்தியங்களில் அது கீழே தள்ளி இருக்கும், ரிப்பேர்காரரிடம் கொடுத்தால் மேலே ஏற்றித் தருவார். உறுத்தலுக்குப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொக்கியில் மாட்டுங்கள்.

ஒரு பாட்டு முடிந்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள். துளையின் வட்டம் ஆழமாகப் பதிந்து சிவந்திருந்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள். பெரும்பாலும் இது காற்று கசியும் பேடின் (சாவிக்கு அடியில் துளையை மூடும் சின்ன மெத்தை) வேலை. சுரம் சரியாக வராததால் நம்மை அறியாமல் இறுக்குவோம். ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) ரொம்பக் கெட்டியாக இருந்தாலும் வாய் இறுகும், வாயோடு கையும் இறுகும். பேடை மாற்றுவது ஊசி போட்டுக்கொள்வதைவிட மலிவு.

இரண்டு வாரம் வாசிப்பைப் பாதியாகக் குறையுங்கள், 20 நிமிடத்துக்கு ஒரு தரம் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள், வலிக்கும் இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வையுங்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குப் போகாதீர்கள், வலி தெரியாமல் இன்னும் கெடுத்துக்கொள்வீர்கள். அப்படியும் அடங்கவில்லை, விரல் மரத்துப்போகிறது, ராத்திரியில் எழுப்புகிறது, பிடித்த பொருள் நழுவுகிறது என்றால் கை மருத்துவரிடம் போய்விடுங்கள். 1946-ல் சி.எம்.சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்திக் காட்டிய ஊர் வேலூர், கை வைத்தியத்துக்கு நீங்கள் சென்னை வரை போகவேண்டியதில்லை. போகும்போது சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை இருப்பவர்களுக்கு விரல் பிடித்துக்கொள்வதும் மரத்துப்போவதும் அதிகம்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது, நாகஸ்வரம் கற்கிறாள். விரல் எட்டவில்லை, கை வலிக்கிறது என்று அழுகிறாள். நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், ஆரணி

பதில்: ஏன் நிறுத்தவேண்டும்? பாரி நாகஸ்வரத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், அது பெரியவர்கள் கைக்கே நீளம். கொஞ்ச காலம் திமிரியில் வாசிக்கலாமா என்று வாத்தியாரிடம் கேளுங்கள். (உங்கள் பக்கத்து ஊர்த் திமிரி இல்லை அம்மா, குட்டை நாகஸ்வரத்துக்கு அதுதான் பெயர்.) துளைகள் நெருக்கமாக இருக்கும், எடையும் குறைவு. நாகஸ்வரத்தில் கட்டை விரலுக்குத் துளையே கிடையாது, பின்னால் தாங்கினால் போதும், ஆனால் பயந்த பிள்ளைகள் அதைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். வாசிக்கும்போது பின்னால் நின்று அவள் கட்டை விரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால், 'விடு கண்ணு' என்று சொல்லுங்கள்.