கணவரின் விசாவைப் பற்றி நேரில் போய்க் கேட்கலாமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. கணவருக்காக நான் போட்ட ஐ-130 மனு ஏற்கப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு முன் துணைத் தூதரகத்தில் அவருக்கு நேர்காணலும் முடிந்தது. அதிகாரி நல்ல விதமாகத்தான் பேசினாராம். கடைசியில் 221(ஜி) என்று அச்சிட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். இணையத்தில் பார்த்தால் ‘மறுக்கப்பட்டது’ என்று காட்டுகிறது. எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் ஒரே வாசகம்தான் பதிலாக வருகிறது. அடுத்த மாதம் மூன்று வார விடுப்பில் அவரிடம் போகிறேன். தூதரகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாமா? ‘அந்த அதிகாரி முன்னால் போய் அழு, மனம் இரங்காமலா போவார்’ என்கிறார் என் மாமியார்.
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி)

பதில்: போகலாம். ஆனால் அழுவதற்காகப் போக வேண்டாம்.

இதே தாளைப் பதினோரு மாதம் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தவள் நான். மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே அழிந்துபோகும் அளவுக்கு அதைப் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறேன். முதல் முறை முன்பதிவு இல்லாமல் போய், வாசல் காவலரைப் பார்த்ததோடு திரும்பினேன். இரண்டாம் முறை எப்படியோ ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம், “என் கணவருக்கு எப்போது விசா வரும்?” என்று கேட்டேன். “பரிசீலனையில் இருக்கிறது. எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல இயலாது” என்றார். மின்னஞ்சலில் வந்த அதே வாசகம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் வெகுநேரம் நின்றேன்.

மூன்றாம் முறை கேள்வியை மாற்றினேன். “எங்களிடமிருந்து நீங்கள் எதிர்பார்க்கும் தாள் ஏதாவது இன்னும் வராமல் இருக்கிறதா?” என்று கேட்டேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தார். “நான்கு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கிறோமே” என்றார். என் கணவர் முன்பு வேலை பார்த்த நாட்டின் காவல்துறைச் சான்றிதழ். அதைக் கேட்ட மின்னஞ்சலை எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் தெரியுமா? விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜெண்ட், டி.எஸ்.-260 படிவத்தில் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே எழுதியிருந்தார். அவருடைய கடையோ எப்போதோ மூடிவிட்டது. நாங்கள் இருவரும் காத்திருந்த காலத்தில் நான்கு மாதம், யாருமே திறக்காத ஒரு அஞ்சல் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தது.

அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன். நேரில் போவதால் முடிவு மாறிவிடாது. கோப்பு யாருக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியவரும்.

முதலில் ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்துத் துவள வேண்டாம். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின்படி, அன்றைய தேதியில் விசா தர முடியாத எந்த விண்ணப்பமும் கணக்கில் மறுப்புதான். பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதும் இணையத்தில் அதே சொல்தான் தெரியும். இந்தப் பிரிவுக்குள் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஏதோ ஆவணம் குறைகிறது: சான்றிதழ், வருமானக் கணக்கு, ஐ-864 உறுதிமொழிப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து, இப்படி. இது உங்கள் கையில் இருக்கிறது. கொடுப்பதற்கு மறுப்புத் தேதியிலிருந்து ஓராண்டு அவகாசம். அதைத் தாண்டினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். மற்றது, அவர்களுடைய பாதுகாப்புச் சரிபார்ப்பு. அதில் நீங்கள் செய்யக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். கட்டங்களுக்குக் கீழே கையால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படியுங்கள்.

சரிபார்ப்புக்காக டி.எஸ்.-5535 என்ற கேள்வித்தாளைச் சிலருக்குத் தருவார்கள். கடந்த 15 ஆண்டுகளின் பயணங்கள், வசித்த முகவரிகள், பார்த்த வேலைகள், 5 ஆண்டுகளின் தொலைபேசி எண்கள், சமூக வலைத்தளக் கணக்குகள் என எல்லாம் அதில் கேட்பார்கள். உங்கள் கணவருக்கு அது வந்து, அவசரத்தில் அரைகுறையாக அனுப்பியிருந்தால், நேரில் கேட்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

அடுத்தது, எந்தத் தூதரகம். வழக்கு எண்ணில் மூன்று எழுத்துகளும் பத்து இலக்கங்களும் இருக்கும். அந்த மூன்று எழுத்துகள் கோப்பு எந்த ஊருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். மும்பைக்கு பி.எம்.பி., சென்னைக்கு எம்.டி.ஆர். ஊர்ப் பெயர்கள் மாறியும் பம்பாயும் மெட்ராஸும் அந்த எழுத்துகளில் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக வேறொரு துணைத் தூதரகத்தில் போய் நின்றால், அங்கே உங்கள் கோப்பு இருக்காது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குத் தொலைபேசியில் அழைப்பதும் இந்தக் கட்டத்தில் பயன் தராது. நேர்காணலுக்கு முன்பே கோப்பு அவர்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

உள்ளே போவது எப்படி? முன்பதிவு இல்லாதவரைப் பெரும்பாலான தூதரகங்கள் வாசலிலேயே நிறுத்திவிடும். மனுதாரர் நேரில் விசாரிக்க நேரம் ஒதுக்கும் இடங்களும் உண்டு. அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் குடியேற்ற விசாப் பகுதியைப் பாருங்கள். மனுதாரர் என்ற முறையில், வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, இன்ன வாரத்தில் நேரில் வர விரும்புகிறேன் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அமெரிக்கக் குடிமக்கள் சேவைப் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. பாஸ்போர்ட், வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பதிவு போன்றவை அதன் வேலை. விசாக் கோப்பை அவர்கள் திறக்க மாட்டார்கள். உங்களுக்கு உண்மையிலேயே அங்கே வேலை இருந்து போக நேர்ந்தால், கடிதத்தைக் கொடுத்து உரிய பிரிவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். பொய்க் காரணம் சொல்லி அந்த நேரத்தை மட்டும் வாங்காதீர்கள்.

கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். வழக்கு எண், இருவரின் பெயர், பிறந்த தேதி, நேர்காணல் தேதி, இப்போது இயங்கும் மின்னஞ்சல் முகவரி. அதன் கீழே உங்கள் கேள்விகள்: நாங்கள் தர வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா? தந்தவை கோப்பில் சேர்ந்துவிட்டனவா? எந்த முகவரிக்கு எங்களுக்கு எழுதுகிறீர்கள்? ‘எப்போது’ என்ற சொல் அதில் வேண்டாம். கல்யாணத்தில் நடந்தது, பிரிந்திருக்கும் வேதனை, மாமனாரின் உடல்நிலை எல்லாவற்றையும் எழுத மனம் துடிக்கும். எனக்கும் துடித்தது, நான்கு பக்கம் எழுதி, அதில் மூன்றைக் கிழித்தேன். உயிருக்கு ஆபத்தான மருத்துவ நிலை போல உண்மையான அவசரம் இருந்தால், மருத்துவரின் கடிதத்தோடு அதைத் தனியாகக் கொடுங்கள். அதைக் கவனிக்க அவர்களிடம் வழி உண்டு.

உங்கள் அமெரிக்க பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், அந்த 221(ஜி) தாள் மூன்றையும் அசலாக எடுத்துப் போங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள், விண்ணப்பம் அவருடையது. கைபேசியை உள்ளே விட மாட்டார்கள். வழக்கு எண் கைபேசியில் இருக்கிறது என்று ஜன்னலில் நின்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேனாவும் வேண்டும். ஜன்னலில் இருப்பவர் சொல்லும் பதிலை அவர் முன்னாலேயே, தேதி போட்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்வது பாசத்தினால். ஆனால் ஜன்னலில் இருப்பவர் பெரும்பாலும் அலுவலக உதவியாளர். முடிவு செய்பவர் உள்ளே இருக்கிறார். அந்தத் தூதரக அதிகாரிக்கு இருக்கும் அதிகாரம் சாதாரணமானது அல்ல. தனிப்பட்ட ஒரு விசாவைக் கொடுப்பது, மறுப்பது என்ற முடிவை அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் அதிகாரத்திலிருந்தே சட்டம் விலக்கி, தூதரக அதிகாரியிடம் விட்டிருக்கிறது. அமைச்சராலேயே ஆகாதது நம் கண்ணீரால் ஆகாது, அம்மா. கண்ணீர் வந்தால் வரட்டும், அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். கேள்வியைக் கேட்டு முடித்த பிறகு வரட்டும்.

‘உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம், சரிபார்ப்பு முடியவில்லை’ என்று சொன்னால் என்ன செய்வது? நீங்கள் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். தகவல் பெறுவதற்கான ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் தூதரகத்திடம் விசாரிப்பார்கள். கட்டளையிட அவர்களால் முடியாது. ஆனால் அந்த விசாரணைக்காக யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதற்கும் பிறகு, தாமதத்தை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழி இருக்கிறது. ஏதாவது ஒரு முடிவைச் சொல்லுங்கள் என்றுதான் அதில் கேட்க முடியும். விசா கொடுங்கள் என்று கேட்க முடியாது. எல்லா நீதிபதிகளும் இத்தகைய வழக்கை ஒரே மாதிரி பார்ப்பதும் இல்லை. வெளிநாட்டுக் கணவனையோ மனைவியையோ நாட்டுக்குள் அனுமதிக்கக் கோருவது குடிமகனின் அடிப்படை உரிமை ஆகாது என்று 2024 ஜூனில், முன்யோஸ் வழக்கில், உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வழக்கு என்ற பேச்சு வந்தால் அனுபவமுள்ள குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

கணவர் வேலையை விட வேண்டாம், டிக்கெட்டும் வாங்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனைக்குக் காலாவதி உண்டு. விசாவின் ஆயுளையும் அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். தாமதம் நீண்டால் மறுபடி பரிசோதனை செய்யச் சொல்லலாம், அது கெட்ட செய்தி அல்ல.

இன்னொன்று. மூன்று வாரத்தில் ஒரு காலைப் பொழுதைத் தூதரகத்துக்குக் கொடுங்கள். மீதி நாட்கள் உங்கள் இருவருக்கும்.

*

கேள்வி: என் மனைவியின் விசா இதேபோல் நிற்கிறது. தூதரகத்துக்குள் தனக்கு ஆள் இருப்பதாகவும், பணம் கொடுத்தால் கோப்பை நகர்த்துவதாகவும் ஒருவர் சொல்கிறார். என் அண்ணனோ, தானே போய் விசாரித்து வருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?
(ஒரு வாசகர்)

பதில்: அண்ணனை நம்புங்கள், ஆனால் அனுப்பாதீர்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 222(எஃப்) பிரிவு விசாப் பதிவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. மனைவி கேட்கலாம், மனுதாரரான நீங்கள் கேட்கலாம், முறைப்படி பதிவு செய்த வழக்கறிஞர் கேட்கலாம். அண்ணன் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். பணம் போவதுகூடப் பெரிதல்ல. அவர் உங்கள் பெயரில் ஒரு பொய்ச் சான்றிதழைக் கோப்பில் சேர்த்து, அது உங்கள் மனைவிக்குத் தெரிந்தே நடந்ததாக அதிகாரி முடிவு செய்தால், பொய்த் தகவல் தந்த குற்றம் உங்கள் மனைவியின் தலையில் விழும். அதற்கான தடைக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றாலும், அது இப்போதைய காத்திருப்பைவிடப் பல மடங்கு கடினமான பாதை. வழக்கு எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால், இன்றே தூதரகத்துக்கு எழுதி, உங்கள் மின்னஞ்சலிலிருந்து வருவதைத் தவிர வேறு எதையும் ஏற்க வேண்டாம் என்று தெரிவியுங்கள்.

*

கேள்வி: காத்திருந்தே எங்கள் இரண்டாவது திருமண நாளும் வந்துவிட்டது. கணவருக்கு இப்போதுதான் விசா கிடைத்தது, அதில் சி.ஆர்.1 என்று இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா?
(ஒரு வாசகி)

பதில்: சிக்கல் இல்லை, அந்தக் காத்திருப்பு கொடுத்த ஒரே நன்மை இது. அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகவில்லை என்றால்தான் சி.ஆர்.1, அதாவது நிபந்தனையோடு கூடிய வசிப்புரிமை. அப்படி வந்தவர்கள் இரண்டு ஆண்டு அட்டை முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற இன்னொரு மனுவைப் போட்டு, திருமணத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்த பிறகு நுழைபவருக்கு ஐ.ஆர்.1 வகை, பத்தாண்டு அட்டை. விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியிடம் திருமணச் சான்றிதழின் தேதியைக் காட்டி, வகையை மாற்றிப் பதியச் சொல்லி உங்கள் கணவர் கேட்க வேண்டும். முத்திரை குத்திய பிறகு, ஜன்னலை விட்டு நகர்வதற்கு முன்பே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.