நாஸ்டாக்கா எஸ் அண்ட் பியா? முதலில் அந்த அடகுச் சீட்டை எடுங்கள்

கேள்வி: நான் காரைதீவு, பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கத்தாரில் இருக்கும் அண்ணா அமெரிக்கப் பங்குச் சந்தையில் எனக்கும் சேர்த்து வாங்குகிறார். நான் இங்கே அண்ணியிடம் ரூபாயைக் கொடுப்பேன், அவர் அங்கே அந்த அளவுக்கு வாங்குவார். இதற்காக 2023 இல் 4 பவுன் நகையை அடகு வைத்தேன். இப்போது நாஸ்டாக் மட்டும் போதும் என்று இன்னும் 2 லட்சம் கேட்கிறார். டவ் ஜோன்ஸ், எஸ் அண்ட் பி 500, நாஸ்டாக், கொழும்பு, இதில் எது நல்லது? இரவில் நித்திரையே வருவதில்லை.

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய மூன்று அடகுச் சீட்டின் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சீட்டில் 2.5 லட்சம், அடுத்ததில் 4 லட்சம், கடைசியில் 6 லட்சம். நகை அதே 4 பவுன்தான். தங்கத்தின் விலை ஏற ஏற, சீட்டு முடிந்ததும் நகையை மீட்காமல், புதுக் கணக்கில் கூடுதலாக எடுத்து, அதிலேயே பழைய வட்டியையும் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் நித்திரையைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான், சுட்டெண் (பல கம்பனிகளின் பங்கு விலையைச் சேர்த்துக் காட்டும் எண்) இல்லை.

கணக்கைப் பாருங்கள். வட்டி வருடத்துக்கு 15 வீதம் என்று சீட்டில் இருக்கிறது. முதல் தடவை ஏறக்குறைய 37,000, இரண்டாவது தடவை 60,000, ஆக வட்டியாக மட்டும் ஒரு லட்சம் போய்விட்டது. அண்ணாவிடம் போய்ச் சேர்ந்தது 5 லட்சம், உங்கள் தலையில் இருப்பது 6. இனி இந்த 6 லட்சத்துக்கு வருட வட்டி 90,000. எஸ் அண்ட் பி 500 நீண்டகாலச் சராசரியாக, பங்கிலாபமும் சேர்த்து, டொலரில் 10 வீதம் அளவில்தான் தந்திருக்கிறது. 5 லட்சத்துக்கு அது 50,000. சராசரி வருடத்திலேயே 40,000 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

சுட்டெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். டவ்வில் 30 கம்பனிகள்தான், அதிலும் ஒரு பங்கின் விலை கூடினால் சுட்டெண்ணில் அதற்கு எடை, அதாவது செல்வாக்கு, கூடும், கம்பனியின் பருமன் கணக்கில்லை. எஸ் அண்ட் பி 500 சந்தைப் பெறுமதியை, அதாவது கம்பனியின் பங்குகள் எல்லாவற்றின் மொத்த விலையை, வைத்து எடை போடுகிறது, என் கணக்கில் அது நியாயமான அளவுகோல். நாஸ்டாக் தொழில்நுட்பப் பக்கம் சாய்ந்தது. ஆனால் அப்பிள், மைக்ரோசொஃப்ட், என்விடியா மூன்றும் இந்த மூன்றிலும் இருக்கின்றன. ஏறும்போது நாஸ்டாக்தான் முந்தும், சரி, விழும்போதும் அதுதான் முந்தும். 2022 இல் டவ் 9 வீதம் அளவில் இறங்கியது, எஸ் அண்ட் பி 19, நாஸ்டாக் 33. அப்படியொரு வருடம் வந்தால் உங்கள் 5 லட்சம் மூன்றேகால் லட்சம் அளவுக்கு வந்து நிற்கும், வங்கி 90,000 வட்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கும். 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை நாஸ்டாக் மறுபடி தாண்டியது 2015 இல்! அடகுச் சீட்டு அவ்வளவு காலம் பொறுத்திருக்குமா?

கொழும்பும் இந்தக் கடனுக்கு ஏற்ற இடமில்லை. அதன் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 ஜனவரியில் 13,000 ஐத் தாண்டியது, பிறகு சரிந்தது, ஏப்ரலில் சந்தையையே ஒரு வாரம் மூடினார்கள்.

அண்ணா டொலர் ஏறும் என்று சொல்வார். 2022 இல் 200 இலிருந்து 360 பக்கம் போனது உண்மைதான், அப்புறம் 300 அளவுக்கு இறங்கியதும் உண்மை. அதை நம்பி நகைக்கடன் எடுக்க முடியாது.

எனக்கு இதைவிடக் கவலை, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. உங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அண்ணா நல்லவர்தான், நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒன்று நடந்தால் அந்தப் பணம் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும்தான் போகும், நீங்கள் சொந்தக்காரரிடம் கெஞ்ச வேண்டிவரும்.

அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நகை மீட்கவேண்டும் என்று சொல்லி, உங்கள் பங்கை விற்று உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள், முழுவதும் முடியாவிட்டால் 3 லட்சமாவது. 5 லட்சமும் வந்தால் மீதி ஒரு லட்சம்தான், மாதம் 20,000 மிச்சம் பிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாறு மாதத்தில் முடிந்துவிடும். வங்கியில் பகுதி பகுதியாக முதலைக் கட்டலாமா என்று இந்தக் கிழமையே கேளுங்கள். நகை வீட்டுக்கு வந்தபிறகு அதே 20,000 இல் எந்தச் சுட்டெண் வாங்கலாம் என்று எழுதுங்கள், அப்போது விரிவாகப் பேசுவோம்.