பழைய கார் டெலிபோனில் கூடுதல் பேர் பேச என்ன செய்தார்கள்?

கூடுதல் பேர் பேச, கார் டெலிபோன் கோபுரத்தை இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை போன்ற உச்சியில் நட்டிருந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, நெரிசல்தான் கூடும். உயரம் தூரத்தைத் தரும், இடத்தைத் தராது.

1946இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கார் டெலிபோன் தொடங்கியபோது ஊருக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரே பேச்சுதான். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி என்றால் விடிகாலையில் என்ன நடக்குமோ, அதுதான் நடந்தது. 1970களின் நடுவிலும் நியூயார்க்கில் 12 அலைவரிசைகளை நம்பி 545 சந்தாதாரர்கள்.

முதலில் ஒட்டுவேலை: அலைவரிசை ஒவ்வொன்றின் அகலத்தையும் 120 கிலோஹெர்ட்ஸிலிருந்து 60, பிறகு 30 என ஒடுக்கினார்கள். 1964இல் வந்த அமைப்பில் காலியான அலைவரிசையைக் கருவியே தேடிக்கொண்டது. அதற்குமுன் குமிழைத் திருகி, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டுத்தான் தேட வேண்டும்!

உண்மையான வழியை 1947இலேயே பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிவிட்டார். சக்தியைக் குறைத்து, ஊரைத் தனித்தனிக் கோபுரம் கொண்ட சிறு வட்டாரங்களாக, அதாவது செல்களாகப் பிரித்து, தள்ளியிருக்கும் செல்லில் அதே அலைவரிசையை மறுபடி பயன்படுத்துவது. எங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு மலையில் கங்காணி போடும் சத்தம் முகட்டைத் தாண்டாது; அந்தப் பக்கத்துக் கங்காணி அதே நேரத்தில் தாராளமாகக் கத்தலாம். கூட்டம் பெருகினால் செல்லை இன்னும் பிளக்கலாம்.

ஆனால் ஓடும் காரைச் செல்லுக்குச் செல் கைமாற்றக் கணினிச் சுவிட்சுகளும், அரசு ஒதுக்கும் புது அலைவரிசைகளும் வேண்டியிருந்தன. சிகாகோவில் அது 1983இல் கைகூடியது. இலங்கைக்கு 1989இல் வந்தது. நம் மலைகளில் முகடே வேலி போட்டுத் தருகிறது, உண்மைதான். அதற்கு விலையாகப் பள்ளத்தாக்குக்கு ஒரு கோபுரம் கேட்கிறது.